மே மாதத்து மலைக்கு மார்கழியிலேயே புறப்பட வேண்டும்

புத்தாண்டு பிறந்த சில நாள்களில் நம்மில் பலர் வீட்டிற்கு இரண்டு புதுப் பொருள்கள் வந்து சேர்கின்றன. ஒன்று எடை பார்க்கும் கருவி. மற்றொன்று இமயமலை நடைப்பயணத்திற்கு முன்பணம் செலுத்தியதற்கான ரசீது. இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறோம். ஏப்ரல் இறுதியில் புறப்பாடு. அதற்குள் எட்டுக் கிலோ குறைத்துவிட்டால் மலையேறிவிடலாம். ஜனவரியில் போட்ட இந்தக் கணக்கு பிப்ரவரியில் மறந்துபோகிறது. மார்ச் மாதம் ஆண்டிறுதி வேலைகளில் கரைகிறது. புறப்பட ஐந்தாறு வாரங்களே இருக்கும் நிலையில் திடீரென நினைவு வந்து, இரவு உணவை அடியோடு நிறுத்துகிறோம். சட்டை தளர்கிறது, கண்ணாடி முன் நின்றால் மகிழ்ச்சியாக இருக்கிறது, மலைக்குத் தயாராகிவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை பொய்யானது, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தானது என்பது எங்கள் கருத்து. சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டதால் இதைச் சற்று அழுத்தமாகவே எழுதுகிறோம்.

தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இமயமலை ஏறுவோருக்கும் அதுவே பருவம். குளிர்காலம் முழுவதும் உயர்ந்த சிகரங்களின் மேல் சீறிக்கொண்டிருக்கும் மேலைக் காற்றோட்டம், பருவமழை நெருங்கும்போது வடக்கே விலகுகிறது. அது விலகியதற்கும் மழை வந்து சேர்வதற்கும் இடையே காற்றடங்கிய சில நாள்கள் கிடைக்கின்றன. டென்சிங் நார்கேயும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றது 1953 மே 29. பச்சேந்திரி பால் அங்கே சென்றது 1984 மே 23. ஒரு காலை இழந்த பின் செயற்கைக் காலுடன் அருணிமா சின்ஹா ஏறியது 2013 மே 21. சிகரங்களை நோக்காத நம்மைப் போன்றோருக்கும் இதே பருவம்தான் வாய்க்கிறது. சிங்கலீலா மலைத்தொடரில் ரோடோடென்ட்ரான் மரங்கள் பூத்துக் குலுங்குவது இப்போதுதான். கேதார்நாத் கோயில் நடை திறப்பதும் இப்போதுதான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் இப்போதுதான். ஆகவே நாற்பதையும் ஐம்பதையும் கடந்த, நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மலையடிவாரங்களில் வந்து இறங்குகிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்கானது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் அறுவர், மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடமான சந்தக்ஃபூவுக்கு நடந்தோம். உயரம் 3,636 மீட்டர். அதிகாலையில் அங்கிருந்து பார்த்தால் கஞ்சன்ஜங்கா முழுதாய்த் தெரியும். வானம் தெளிந்திருந்தால் தொலைவில் எவரெஸ்டும் தெரியும். எங்களுள் ஒருவர் நாற்பத்தாறு வயதினர். ஆறு வாரத்தில் ஒன்பது கிலோ குறைத்திருந்தார். காலையில் ஒரு பழம், நண்பகலில் ஒரு கிண்ணம் காய்கறி, இரவில் வெந்நீர். இதுதான் அவர் கடைப்பிடித்த முறை. எங்கள் எல்லோருக்கும் அவரே முன்மாதிரி. இன்னொருவர் ஐம்பத்து மூன்று வயது அம்மையார். உயரத்திற்கு ஏற்ற எடை என்று மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையின்படி அவர் பருமனானவர். நான்கு மாதத்தில் அவர் குறைத்தது மூன்று கிலோ மட்டுமே. ஆனால் அந்த நான்கு மாதமும் மின்தூக்கியைத் தொடாமல், தாம் குடியிருக்கும் ஏழாம் மாடிக்குப் படியேறியே சென்று வந்தார். அவரால் முடியுமா என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மானேபஞ்சனில் தொடங்கிய நடை தும்லிங், காலிபோக்ரி என்று இரண்டு நாள் இனிமையாகவே சென்றது. மூன்றாம் நாள், பிகேபஞ்சனைத் தாண்டியதும் பாதை செங்குத்தாக நிமிர்கிறது. நண்பர் இருபது அடிக்கு ஒரு முறை உட்கார்ந்தார். கை நடுங்கியது. முந்தைய இரவிலிருந்தே தலைவலி இருந்ததை அவர் எங்களிடம் சொல்லவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. திரும்பிவிடலாமா என்று கேட்டபோது, “பணம் கட்டியாயிற்று, விடுப்பும் எடுத்தாயிற்று, இவ்வளவு தூரம் வந்து திரும்புவதா?” என்றார். நாங்களும் அதையே நினைத்தோம். அவர் பையை நாங்கள் சுமந்துகொண்டு, கையைப் பிடித்து இழுத்து, மேலே கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்றிரவு வாந்தி, எழுந்து நின்றால் தள்ளாட்டம். மறுநாள் விடியலில் கஞ்சன்ஜங்கா பொன்னிறமாக எழுந்து நின்றபோது அவர் பழைய லேண்ட்ரோவர் வண்டி ஒன்றில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கிக்கொண்டிருந்தார். சந்தக்ஃபூவுக்கு வண்டிப் பாதை இருந்தது எங்கள் நல்லூழ். வண்டி செல்லாத மலையாக இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவர் துணைவியாரிடம் இன்றுவரை நாங்கள் விளக்கமாகச் சொன்னதில்லை. அந்த அம்மையாரோ எல்லோருக்கும் கடைசியாக, நிதானமாக வந்து சேர்ந்து, தேநீர் கேட்டு வாங்கிக் குடித்து, விடியலைக் கண்குளிரப் பார்த்து, ஸ்ரீகோலா வரையிலான கடும் இறக்கத்தையும் முழங்கால் வலியின்றி இறங்கினார்.

நண்பரின் எடைக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. ஒன்பது கிலோவும் கொழுப்பாகவே கரைந்திருக்க வேண்டுமானால் 69,300 கலோரி பற்றாக்குறை வேண்டும். அதை 42 நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 1,650. உட்கார்ந்து வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாள் முழுதுக்கும் தேவைப்படுவதே ஏறத்தாழ 2,100 கலோரிதான். அவர் குறைவாகச் சாப்பிட்டார் என்றாலும் அந்த அளவுக்குப் பட்டினி கிடக்கவில்லை. எனில், மீதி எங்கிருந்து குறைந்தது? முதல் சில கிலோ நீர்; தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை தீரும்போது அதோடு சேர்ந்திருக்கும் நீரும் வெளியேறுகிறது. அடுத்தது தசை. புரதம் போதாமல், உடற்பயிற்சியும் இல்லாமல் பட்டினி கிடந்தால், உடல் கொழுப்போடு தசையையும் சேர்த்தே எரிக்கும். செங்குத்தான பாதையில் நம்மைத் தூக்கிச் செல்ல வேண்டிய தொடைத் தசையைத்தான் நண்பர் ஆறு வாரமாகச் செலவழித்திருந்தார். எடைக் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. அது மொத்தத் தொகையைத்தான் காட்டும். எந்தக் கணக்கிலிருந்து எடுத்தோம் என்பதைக் காட்டாது.

தொந்திக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்களும் இணைந்து நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் பெரியவர்களுள் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது, நீரிழிவு உள்ளோர் 10 கோடியைத் தாண்டிவிட்டனர், 35.5 விழுக்காட்டினருக்கு மிகை இரத்த அழுத்தம். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. தையற்காரர் பயன்படுத்தும் நாடா ஒன்று போதும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மலையில் கூடுதல் எடையின் சுமை இறங்கும்போதுதான் நன்றாகத் தெரிகிறது. படியிறங்குகையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் மூட்டு தாங்குவது உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேல். ஐந்து கிலோ குறைத்தவர் ஒவ்வோர் இறக்கத்திலும் மூட்டுக்குப் பதினைந்து கிலோ மிச்சப்படுத்துகிறார். ஆகவே எடை குறைவது நல்லதுதான். எவ்வளவு காலத்தில், எதை இழந்து குறைக்கிறோம் என்பதே கேள்வி.

வாரத்திற்கு அரைக் கிலோ என்பது நியாயமான வேகம். அதற்கு நாள்தோறும் ஏறத்தாழ 500 கலோரி குறைந்தால் போதும். பாதி உணவில் குறைந்தால் மீதி நடையில் குறையும். மார்கழியில் தொடங்குகிறவருக்கு மே மாதத்திற்குள் பதினாறு வாரங்களுக்கு மேல் கிடைக்கின்றன. பங்குனியில் தொடங்குகிறவருக்கு என்ன கிடைக்கும்? அவசரமும் பட்டினியும்தான். மார்கழி விடியலில் எழுந்திருப்பது நம் வீடுகளுக்குப் புதிதன்று. கோலத்திற்கும் கோயிலுக்கும் எழுந்த பழக்கத்தை நடைக்கும் நீட்டிக்கொள்ளலாம். தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழ்வோருக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே மார்கழிக் காலைப் பனியோடு புகையும் கலந்து நிற்கிறது. அந்தக் காற்றில் மூச்சு வாங்க நடப்பதைவிட வீட்டுப் படிக்கட்டே மேல்.

உணவு பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எல்லோரும் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள். எங்கள் கருத்து எளியது. அரிசியைப் பகைவனாக்க வேண்டாம். ஆனால் தட்டில் அதன் ஆட்சியைச் சற்றுக் குறைக்கலாம். இரண்டாம் முறை சோறு வாங்கும் இடத்தில் சுண்டலோ, பயறோ, முட்டையோ, மீனோ, கெட்டித் தயிரோ வரட்டும். நம் சாப்பாட்டில் பெரும்பாலும் குறைவது புரதம். எடை குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பது அதுவே. இரவு உணவைக் கைவிடாமல், முன்கூட்டி அளவாக உண்ணலாம். மாலை நேரத்துப் பஜ்ஜியைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லப்போவதில்லை. அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறோம். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வோம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை உணவைக்கூட நிறுத்தக் கூடாது. மருந்தின் அளவை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இன்னொன்று: புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரம் எடை குறைக்கும் முயற்சியையே நிறுத்திவிட வேண்டும். உயரமான இடங்களில் பசி தானாகவே அடங்கிவிடும். எடை தானாகவே குறையும். அங்கே வற்றிய உடலோடு போய்ச் சேர்ந்தால், சமையற்காரர் அன்போடு பரிமாறும் பருப்பும் சோறும் உருளைக்கிழங்கும் உள்ளே இறங்காது.

இனிப் படிக்கட்டுக்கு வருவோம். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரை நடைபாதை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,600 மீட்டர். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால் இது 530 மாடி. பத்து மாடிக் கட்டடம் ஒன்றை ஒரே நாளில் 53 முறை ஏறுவதற்குச் சமம். இந்தக் கணக்கைக் கேட்டதும் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை. மலைப்பாதை படிக்கட்டைவிடச் சாய்வானது, நாள் முழுதும் நேரம் இருக்கிறது, இடையிடையே உட்காரலாம். ஆனால் இரண்டாம் மாடிக்கும் மின்தூக்கியை அழைக்கும் கால், இந்த 530-ஐ முதன்முதலாக அங்கே போய்ச் சந்திக்கக் கூடாது. மும்பையிலும் பெங்களூருவிலும் சென்னையிலும் நம்மில் பலர் குடியிருப்பது அடுக்குமாடிகளில்தான். மலையேற்றத்திற்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிக்கூடம் இல்லை. ஆண்டுச் சந்தாவும் கிடையாது. ஜனவரியில் உடற்பயிற்சி நிலையத்திற்கு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு மார்ச்சில் போவதை நிறுத்திவிடும் வாடிக்கையாளர்களின் பணத்தில்தான் அந்நிலையங்கள் நடக்கின்றனவோ என்று எங்களுக்கு ஓர் ஐயம் உண்டு.

வேகம் வேண்டாம். ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பையும், இரண்டு நாள் தசைவலுப் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. இது சாதாரண வாழ்வுக்கான அளவு. மலைக்குச் செல்பவர் மேல் எல்லையை ஒட்டி நிற்பதுடன், வாரம் ஒரு நாள் மூன்று நான்கு மணி நேரம் இடைவிடாமல் நடந்து பழக வேண்டும். முதுகில் பை வேண்டும். அதில் தண்ணீர்ப் புட்டிகள் வேண்டும். மேலே சென்றதும் நீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குவது நல்ல உபாயம். தசை வலுக்கும், மூட்டு பிழைக்கும். இரண்டு மாதம் சென்றபின் சிறிது எடையோடு இறங்கியும் பழகலாம். டிரெட்மில் கருவியில் சாய்வை உயர்த்தி எவ்வளவு நடந்தாலும் அது இறக்கத்தைக் கற்றுத்தராது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்க வேண்டியிருக்கிறது. பழகாதவருக்கு மறுநாள் காலை கட்டிலைவிட்டு எழுவதே ஒரு மலையேற்றமாகிவிடும். காலணியை இப்போதே வாங்கி, அதையே அணிந்து படியேற வேண்டும். காலில் ஏற்றிய எடை முதுகில் ஏற்றிய எடையைக் காட்டிலும் பல மடங்கு களைப்பூட்டும் என்பதால், பார்வைக்குப் பிரமாண்டமாக இருக்கும் கனத்த காலணி நமக்குத் தேவையில்லை.

இவ்வளவும் செய்து முடித்தவருக்கு ஒரு புதிய ஆபத்து காத்திருக்கிறது. தம் உடல் உறுதியாகிவிட்டது என்ற இறுமாப்புதான் அது. உயரம் தரும் நோய்க்கும் உடல் வலிமைக்கும் தொடர்பில்லை. காற்றில் ஆக்சிஜனின் விழுக்காடு எங்கும் ஒன்றே. ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. சந்தக்ஃபூ உயரத்தில் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 5,500 மீட்டரில் பாதி. இதற்கு உடல் பழக நாள்கள் வேண்டும். நாள்தோறும் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிற இருபத்தைந்து வயது இளைஞரும் தலைவலியில் சுருண்டு விழுவதுண்டு. சொல்லப்போனால், வேகமாக ஏறிவிட முடிகிற காரணத்தாலேயே அவர் சிக்கிக்கொள்கிறார். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். இது உலகெங்கும் மலை மருத்துவர்கள் கூறும் விதி. தலைவலியுடன் குமட்டலோ மயக்கமோ சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், உடனே இறங்க வேண்டும். இரவானாலும் இறங்க வேண்டும். எங்கள் நண்பரிடம் முதல் அறிகுறி காலிபோக்ரியிலேயே இருந்தது. அவரைக் கைபிடித்து மேலே இழுத்த எங்கள் நட்பு, அன்று அவருக்கு நோயைவிடப் பெரிய பகையாக இருந்தது.

இந்த விதியைக் கேதார்நாத் பாதையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கவலை பிறக்கிறது. சமவெளியிலிருந்து புறப்பட்டு, ஓரிரு நாளில் 3,500 மீட்டருக்கு மேல் சென்று நிற்கிறார்கள் அறுபது வயதைக் கடந்த பெரியவர்கள். ஹெலிகாப்டரில் செல்வோருக்குக் கால் வலிக்காது. ஆனால் உடல் பழகுவதற்கான அந்த ஒரு பகல் நேரமும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. 2022-ஆம் ஆண்டு சார்தாம் யாத்திரைக் காலத்தில் உடல்நலக் காரணங்களால் மட்டும் 200-க்கும் மேற்பட்ட பக்தர்கள் உயிரிழந்தனர். அவற்றுள் பல மாரடைப்பு. பக்தியின் மீது நாங்கள் குறை காணவில்லை. இறைவனைக் காணச் செல்பவர், அதற்கான விரதத்தின் ஒரு பகுதியாக நான்கு மாத நடையையும் மேற்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றே எண்ணுகிறோம்.

அமர்நாத் யாத்திரைக்கு மருத்துவச் சான்றிதழ் கட்டாயம். 13 வயது நிரம்பாதவர்களுக்கும் 70 வயது கடந்தவர்களுக்கும் அனுமதி இல்லை. அதற்கான பதிவு குறிப்பிட்ட வங்கிக் கிளைகளில் நடைபெறுவதால், படிவத்தையும் சான்றிதழையும் கையில் ஏந்தி வரிசையில் நிற்பவர்களை வாசகர்கள் பலர் பார்த்திருக்கக் கூடும். சிலர் நின்றும் இருப்பீர்கள். ஏற்பாடு நல்லது. ஆனால் சான்றிதழைப் பதிவுக்கு வேண்டிய ஒரு தாளாக மட்டும் கருதி, தெரிந்த மருத்துவரிடம் இரண்டு நிமிடத்தில் கையொப்பம் பெற்று வரும் மனப்பான்மை நல்லதன்று. நாம் யாரை ஏமாற்றுகிறோம்? பரிசோதனை பயணத்திற்கு நான்கு மாதம் முன்னரே நடக்க வேண்டும். அப்போதுதான் கூடியிருக்கும் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர நேரம் இருக்கும். இதயத்தில் குறை தெரிந்தால் பயணத்தையே மாற்றிக்கொள்ள மனம் இடம் தரும். முன்பதிவு எல்லாம் முடிந்த பின் செய்யும் பரிசோதனையில், மருத்துவர் எதைச் சொன்னாலும் நம் காதில் விழுவதில்லை. ஏனெனில் அப்போது பேசுவது பணம்.

இந்தப் பணத்தைப் பற்றி வங்கியின் இதழில் பேசாமல் வேறு எங்கே பேசுவது? கட்டிய பணம் திரும்பி வராது என்பது உண்மை. ஆனால் அது நண்பர் உச்சிக்குப் போனாலும் வராது, பாதியில் இறங்கினாலும் வராது. இரண்டு வழியிலும் ஒன்றாகவே இருக்கும் ஒரு தொகையை, எந்த வழியில் செல்வது என்று தீர்மானிக்கும் இடத்தில் உட்கார வைக்கலாமா? நட்டத்தில் ஓடும் முதலீட்டில், போட்டதை விட மனமின்றி மேலும் மேலும் போடுகிறவரிடம் நாம் என்ன சொல்வோமோ, அதையே மலையில் நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேறுபாடு ஒன்றே: அங்கே கூடுதலாகப் போடுவது பணமன்று. எனவே புறப்படும் முன்பே, தெளிந்த தலையோடு, வீட்டாரும் குழுவினரும் அறிய, இன்ன அறிகுறி தோன்றினால் திரும்புவேன் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். 3,500 மீட்டரில் தலைவலியோடு எடுக்கும் முடிவு நம் முடிவாக இருக்காது. பயணத் திட்டத்தில் ஒரு நாளாவது கூடுதலாக இருக்கட்டும். விடுப்பை இழுத்துப் பிடித்துப் போடும் திட்டங்களில்தான் உடல் பழகுவதற்கான நாள் முதலில் வெட்டுப்படுகிறது. காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். சாகச விளையாட்டுகளுக்கு இழப்பீடு இல்லை என்று பல பத்திரங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். எந்த உயரம் வரை, மீட்புச் செலவு உண்டா என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

திரும்புவது தோல்வி என்று எண்ணுவோர் இந்தியர்களின் எவரெஸ்ட் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1960-இல் சென்ற முதல் இந்தியக் குழு, உச்சிக்குச் சில நூறு அடி கீழே புயல் காற்றில் நின்று திரும்பிவிட்டது. 1962-இல் சென்ற இரண்டாவது குழுவும் அப்படியே, இன்னும் அருகில் சென்று திரும்பியது. இரண்டு முறையும் உச்சியை நோக்கிச் சென்று திரும்பியவர்களுள் ஒருவர் சோனம் கியாட்சோ. 1962-இல் அவருடன் திரும்பியவர் கோலி. அந்த எம்.எஸ். கோலியின் தலைமையில் 1965-இல் சென்ற குழுவில் ஒன்பது பேர் உச்சியை அடைந்தனர். மே 22 அன்று அங்கே நின்றவர்களுள் சோனம் கியாட்சோவும் இருந்தார். அப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். ஒரு நாட்டின் பணமும் எதிர்பார்ப்பும் பின்னால் நின்றபோதே அவர்களால் திரும்ப முடிந்தது.

எங்கள் நண்பர் மறுபடியும் சந்தக்ஃபூவுக்குச் செல்ல முடிவெடுத்திருக்கிறார். இம்முறை கார்த்திகை முடியும் முன்பே தொடங்கிவிட்டார். பரிசோதனையில் இரத்த அழுத்தம் சற்றுக் கூடியிருப்பது தெரிந்து, இரண்டு மாதத்தில் அது கட்டுக்குள் வந்துவிட்டது. எடை இதுவரை மூன்றரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. இடுப்பில் இரண்டு அங்குலம். இரவு உணவை உண்கிறார். திட்டத்தில் காலிபோக்ரியில் ஒரு கூடுதல் இரவைச் சேர்த்திருக்கிறார். தலைவலித்தால் அங்கிருந்தே இறங்குவதாகத் தம் துணைவியார் முன்னிலையில் எங்களிடம் சொல்லியிருக்கிறார். படிப்பயிற்சிக்கு அவருக்குத் துணை வருபவர் அந்த அம்மையார்தான். அவர் குடியிருப்பில் ஒன்பது மாடி. மாலையில் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் பையில் ஐந்து லிட்டர் தண்ணீர் மேலே போகிறது. மொட்டை மாடித் தொட்டிகளில் ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குகிறார்கள். மாடியில் இருக்கும் செம்பருத்தி இந்த ஆண்டு பூத்ததுபோல் என்றும் பூத்ததில்லை என்று குடியிருப்புக் காவலர் சொல்கிறார்.